தவக்கால வெள்ளியில் ஒரு வஞ்சிர வறுவல்

ஜெகதாப்பட்டினத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி இரண்டு. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. நெற்றி நிறையத் திருநீறு பூசிய கடைக்கார அக்கா, இலையில் சோற்றைக் கொட்டிவிட்டு மட்டன் குழம்பு வாளியோடு குனிகிறார். நான் இலைக்குக் குறுக்கே கையை நீட்டுகிறேன்.

"வேணாங்க்கா. நாங்க கிறிஸ்தவங்க. தவக்கால வெள்ளிக்கிழமை கறி சாப்பிடக் கூடாது."

"நானும் வெள்ளிக்கிழமை கவிச்சி வாயில வைக்கமாட்டேன் சார். ரசம் ஊத்தவா?"

"மீன் கொழம்பு ஊத்துங்க. வஞ்சிர வறுவல் ரெண்டு."

வாளி அப்படியே நிற்கிறது.

"மீனு கவிச்சி இல்லையா சார்?"

"எங்க சட்டப்படி மீன் சாப்பிடலாம்க்கா" என்கிறேன், வக்கீல் மாதிரி.

முதலில் வறுவல் வருகிறது, ஓரமெல்லாம் முறுகி, கறிவேப்பிலையோடு. அக்கா நகராமல் நிற்கிறார்.

"கறியை எதுக்கு விடுறீங்க?"

"பிடிச்சதை விட்டாத்தானே தவம்."

"ஒங்களுக்குக் கறி பிடிக்குமா, மீன் பிடிக்குமா?"

பொய் சொன்னால் அது தனிப் பாவம்.

"மீனுதான்."

அக்கா வறுவல் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார். திரும்பும்போது கையில் ரசம். சோற்றில் ஊற்றிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, இலையோரம் ஒரு அப்பளம் வைக்கிறார்.

"இது பிடிக்குமான்னு நான் கேக்கலை சார். சாப்பிடுங்க."