தொட்ட குதிரை

அவர் செஸ்ஸில் உலகப் பட்டம் வென்ற அன்று, நான் லிஃப்ட் ஓட்டும் கட்டடத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். அவர் ஆட்டங்களை மொபைலில் பார்த்துத்தான் ஆடப் பழகினேன். ஜெயித்தாலும் தோற்றாலும், காய்களைப் பழையபடி அடுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

போன மாதம் பொம்மனஹள்ளியில் ஒரே நேரத்தில் முப்பது பேருடன் ஆட வந்தார். நானும் கூச்சத்தை விட்டுப் பெயர் கொடுத்தேன். அவருக்கு ஒல்லியான உடம்பு, கசங்கிய சட்டை. அவர் என் பலகை முன் வந்து நின்றதும் முகத்தையே பார்த்தபடி, யானைக்குப் பதில் குதிரையைத் தொட்டுவிட்டேன். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். நகர்த்தினால் என் ராணி போய்விடும்.

“அண்ணா, காயை நேரா வைக்கத்தானே தொட்டீங்க?” என்றார் மெதுவாக.

ஆமாம் என்று தலையாட்டினால் ராணி பிழைக்கும். ஆனால் அவரிடமா பொய் சொல்வது?

“இல்ல சார், ஆடத்தான் தொட்டேன்” என்று குதிரையை நகர்த்தினேன்.

சிரித்துவிட்டார். “அப்போ ராணிய எடுத்துக்கிறேன். கோச்சுக்காதீங்க.”

தோற்றேன். மற்றவர்கள் காத்திருக்க, என் காய்களையும் அவரே அடுக்கினார். அந்தக் குதிரையை மட்டும் என் கையில் கொடுத்து, “இத நீங்க வைங்கண்ணா” என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி என்னையே பார்த்தாள்.

“தோத்துட்டு வந்த மூஞ்சியா இது?”