முனுசாமி அண்ணனின் மூளையை அளந்தார்கள்

போன வாரம் ஒரு மனிதரின் மூளையைப் பார்த்தேன்.

பயப்படாதீர்கள். தபால்தலையைவிடச் சின்னத் துண்டுதான். சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஆனால், எனக்குத் தெரிந்தவருடைய மூளை அது!

காஜா பேராங்கில் எங்கள் வரிசையில் கடைசி வீடு முனுசாமி அண்ணனுடையது. தம்பின் ஊருக்குப் போகும் ரோட்டில் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். கடைசிக் காலத்தில் ஏதோ ஆகிவிட்டது. நடை தளர்ந்தது. ஒன்று கேட்டால் பதில் வர வெகுநேரம் ஆகும். மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலத்தன்று, "என்னப்பா இவ்வளோ கூட்டம்?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "என்னப்பா இவ்வளோ கூட்டம்?"

சில மாதங்களில் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டார்.

அவருடைய தம்பி ராசு, கிளேபாங்கில் இருப்பவர், அங்கேயே கத்தினார்: "அண்ணி மருந்து வெச்சிட்டாங்க! தன் பேச்சக் கேக்கணும்னு சோத்துல கலந்துட்டாங்க!" வயிற்றில் விஷம் ஏதும் இல்லை என்று டாக்டர்கள் பார்த்துச் சொன்னார்கள். ராசு அடங்கவில்லை. "இது வயித்துல நிக்கிற மருந்தில்ல. மூளைக்கு ஏறுற மருந்து."

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

அண்ணனின் மனைவி லெட்சுமி அக்காதான் பதில் தேடினார். புதிதாக வந்திருந்த சீன டாக்டர் ஒருவர், வயதானால் மூளை நரம்புகள் எப்படி மாறுகின்றன என்று ஆராய்கிறவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: மூளையை மட்டும் படிப்புக்குத் தருவீர்களா? இங்கிலீஷ் தெரிந்தவன் என்று மொழிபெயர்க்க நான். சொந்தங்கள் கூடாது என்று குதித்தார்கள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எடுத்துக்கச் சொல்லுங்க. அவருக்கு என்னா ஆச்சுன்னு எனக்கும் தெரியணும்ல?"

காரியமெல்லாம் முடிந்து, போன வாரம் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். அக்கா, ராசுவையும் விடாமல் அழைத்து வந்திருந்தார். "நான் சொன்னா நம்ப மாட்டீங்க தம்பி. நீங்களே பாருங்க."

ராசு குனிந்து பார்த்தார். அடுத்து நான். சின்னச் சின்ன வளையங்கள்... வளையத்துக்குள் ஒரு புள்ளி. புள்ளிதான் நரம்பு நார். வளையம் அதன் உறை. இதை எப்படித் தமிழில் சொல்வது? கரண்டு வயருக்கு மேலே கித்தா சுற்றியிருக்குமே, அதுபோல என்றேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்த அக்காவுக்குச் சட்டென்று புரிந்தது. உறை மெலிந்தால் சேதி மெதுவாகப் போகும். நாரே அழிந்தால் சேதி போகாது.

மைக்ராஸ்கோப்பின் கண்ணாடிக்குள்ளேயே மயிரிழைபோலக் கோடு போட்ட அளவுகோல் இருக்கிறது. டாக்டர் அதை வைத்து வளையம் வளையமாக அளந்திருக்கிறார். லோரி விபத்தில் இறந்த ஒரு வாலிபனுடையதில் உறைகள் தடிப்பாக, நெருக்கமாக இருந்தன. கடைசிவரை தெளிவாக இருந்த ஒரு முதியவருடையதில் சற்று மெலிந்திருந்தன. முனுசாமி அண்ணனுடையதில்... வளையங்கள் நைந்து, இடையிடையே வெறும் வெளி.

"மருந்து வெச்சா இப்படி ஆகுமான்னு கேளுங்க," என்றார் ராசு.

கேட்டேன். டாக்டர் இல்லையென்று தலையசைத்தார். ஏன் இவருக்கு மட்டும் இவ்வளவு என்று தனக்கும் தெரியாது என்றார். ஆனால் ஒரு தட்டுச் சோற்றில் வருகிற கேடு இல்லை இது. பல வருஷமாக மெல்ல மெல்ல நடந்தது. பிறகு அவராகவே ஒன்று சொன்னார். இந்த நிலையில் இருந்தவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை. யாரோ மிக நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதை அக்காவைப் பார்த்து மொழிபெயர்த்தேன்.

லெட்சுமி அக்கா அழவில்லை. "அப்ப அவரு வேணும்னு பேசாம இருக்கல," என்றார் மெதுவாக. "பதில் வழியில நின்னுருச்சு. அவ்ளோதான்."

ராசுவும் எங்களோடு வந்தார். எங்கள் வரிசைக்கு வந்ததும் நடுத்தெருவில் நின்று, எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்கண்ணி மேல ஒரு தப்பும் இல்ல! நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்!" பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "மன்னிச்சிருங்க அண்ணி."

"பசியாறிட்டீங்களா தம்பி?" என்றார் அக்கா.

எனக்கு அன்று முழுக்க நன்றி சொல்லத்தான் தோன்றியது. பொறுமையாக அளந்த டாக்டருக்கு. பேர் தெரியாத அந்த வாலிபனைப் பெற்றவர்களுக்கு. எல்லாருக்கும் மேலாக, அழுதுகொண்டே "எடுத்துக்கச் சொல்லுங்க" என்ற அக்காவுக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டர் சிரித்துக்கொண்டே, உங்கள் மூளையையும் ஒருநாள் தருவீர்களா என்று என்னைக் கேட்டிருந்தார். வாரா வாரம் பத்திரிகைக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வந்திருக்கிறேன்!