வலது காதுக்காக மல்லேஸ்வரத்துக்கு மூன்று பயணங்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் வலது காது நின்றுபோனது. வலி எதுவும் இல்லை. செல்போனை இடது காதுக்கு மாற்றிய பிறகுதான் அதுவரை சித்தி கத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. அழுக்கு அடைப்பு என்று மூன்று நாள் சொட்டு மருந்து விட்டோம். நான்காம் நாள் எங்கள் தெரு டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். "காது சுத்தமா இருக்கு. இது உள்ள நரம்பு விஷயம். நாளைக்கே மல்லேஸ்வரம் போங்க, லேட் பண்ணாதீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இப்படி ஓட வேண்டியவர்களுக்காகத்தான் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தங்கவயலிலிருந்து நகரத்து ஓரமான ஹெப்பகோடிக்கு வந்து இரண்டு வருடமாகியும் நான் ஊர் நடுவிலிருக்கும் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதில்லை. பயத்தை விடக் குஷிதான் அதிகம். காலை 6.40க்கு அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். ஆளுக்கு முப்பது ரூபாய்க்கு டெய்லி பாஸ் வாங்குங்கள், நாள் முழுக்க எந்த பஸ்ஸிலும் செல்லும். சில்க் போர்டு சிக்னலில் மட்டும் முப்பத்தைந்து நிமிடம் நின்றோம். 8.20க்கு மெஜஸ்டிக், 8.45க்கு மல்லேஸ்வரம். அவ்வளவு பூக்கடைகளை ஒரே தெருவில் நான் பார்த்ததே இல்லை! ஐந்து ரூபாய் காபியும் அருமை.

ஆஸ்பத்திரியில் என்னைக் கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டினார்கள். "சத்தம் கேட்டா பட்டன் அமுக்கு, கேக்கலன்னா சும்மா இரு. அஷ்டே, அவ்வளவுதான்" என்றார் டெஸ்ட் எடுக்கும் அக்கா. டெஸ்ட் என்ற வார்த்தையே எனக்கு ஆகாது. அதற்குப் பயந்துதான் ஒன்பதாவதோடு நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சத்தம் அனுப்பும்போதெல்லாம் தோள் லேசாக அசைவதைக் கண்டுபிடித்துவிட்டேன். தோள் அசைந்தால் அமுக்கினேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "லேசான குறைவுதான். மருந்து வேணாம், பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார். அம்மா கும்பிட்டாள். மாடிப்படியில் பாதி இறங்கியதும் நின்றுவிட்டேன்.

"இன்னாடீ?"

"காப்பி அடிச்சிட்டேம்மா."

"எதுல?"

"காது டெஸ்ட்ல."

அம்மா தலையில் ஒரு தட்டு தட்டினாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்து மேலே இழுத்துப் போனாள். டாக்டரிடம் நானே சொன்னேன். என் வாழ்க்கையில் அந்நியரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது.

இந்த முறை நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டார்கள். வலது காதில் ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை.

"நல்ல வேளை சொன்னே. இதுக்கு முதல் ரெண்டு வாரம்தான் முக்கியம்" என்றார் டாக்டர். "ரெண்டு வழி இருக்கு. ஸ்டீராய்டு மாத்திரை ஒண்ணு. செவிப்பறை வழியா உள்ள ஊசி இன்னொண்ணு. சுகர் இல்லாததால முதல்ல மாத்திரை. காது திரும்பக் கேக்கும்னு கேரண்டி தர மாட்டேன்."

"ஜிம்மு பசங்க போட்டுக்கறதா சார்? மீசை முளைக்காதா?" என்றாள் அம்மா.

"அது வேற, இது வேறம்மா. இதுல பசி வரும், தூக்கம் கெடும், கோபம் வரும்."

"கோபம் வந்தா நல்லது சார். இது வாயே தொறக்காது."

பத்து நாள் கழித்து இரண்டாவது பயணம். காது பாதிதான் கேட்டதால் ஊசியும் போடலாம் என்றார்கள். மரத்துப்போக மருந்து வைத்துத்தான் குத்தினார்கள். ஒரு நிமிடம் தலை சுற்றியது, அவ்வளவுதான். அதன் பிறகு அரை மணி நேரம் பேசாமல் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். "இவளுக்கு இது ஒரு கஷ்டமா!" என்றாள் அம்மா.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திடீரென்று காது கேட்காவிட்டால் சொட்டு மருந்து விட்டு நாளைக் கழிக்காதீர்கள். சுகர், பிரஷர், அல்சர் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். டாக்டர் குறைக்கச் சொல்கிறபடி குறையுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துக் கடையில் நீங்களாகவும் வாங்காதீர்கள். பஸ்ஸில் கேட்கிற காது பக்கம் துணைக்கு வருபவரை உட்கார வையுங்கள்.

மூன்றாவது பயணம் போன வாரம். அதே அறை. அக்கா வருவதற்குள் நாற்காலியை நானே சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். வலது காதில் ஒரு சத்தம் வந்தது, எங்கோ தூரத்தில் கொசு போல. அமுக்கினேன். இன்னொன்று. அமுக்கினேன். கத்த வேண்டும் போல இருந்தது! கடைசியில், மிக மெல்லிய சத்தங்களின் முறை வந்திருக்க வேண்டும், எதுவும் கேட்கவில்லை. பட்டன் மேல் விரலை வைத்தபடி சும்மா இருந்தேன்.