புற்றுக்குப் பால் ஊற்றும் காசியம்மாள்

வேங்கிக்காலில் எங்கள் தெருவில் காசியம்மாளிடம் வம்பு வைத்துக்கொள்ள ஒருவரும் துணியமாட்டார்கள். கலெக்டர் ஆபீஸ் எதிரில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறவர். அதற்கு முன் சித்தாள் வேலை. அந்தக் கூலியில்தான் மகளைக் கட்டிக்கொடுத்தார், இந்த வீட்டையும் எழுப்பினார். கணவர் ராமன், வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். செல்போன் புழங்காத காலம். அவர் முகம் இருந்தது ஒரே ஒரு படத்தில். அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, தினமும் அதை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் காசியம்மாள் வியாபாரத்துக்குக் கிளம்புவார்.

பக்கத்து வீடு ஜோதியம்மாளுடையது. அவர் இடத்தில், காசியம்மாள் சுவரை ஒட்டி, கறையான் புற்று ஒன்று எழும்பியது. இடுப்பு உயரம் வந்ததும் மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, அதை அம்மனாக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் பாலும் மஞ்சள் தண்ணீரும். அத்தனை ஈரமும் காசியம்மாள் வீட்டுப் பேஸ்மட்டத்தில்தான் இறங்கியது. அங்கே விரல் நுழைகிற வெடிப்பு.

"அக்கா, அந்தப் பக்கமா ஊத்துங்களேன். என் செவுரு ஊறுது."

"அம்மாவுக்கே வழி சொல்ல வந்துட்டியா நீ?"

கார்த்திகை தீபத்துக்கு வெள்ளையடிக்கப் படத்தை இறக்கியபோது சுவரில் மண் கோடு ஓடியிருந்தது. கண்ணாடிக்குள் ராமனின் சட்டைக் காலர் மட்டும் இருந்தது. முகத்தைக் கறையான் தின்றுவிட்டது.

காசியம்மாள் வாய்விட்டு அழுததை அன்றுதான் கேட்டோம். துக்கம் விசாரிப்பதுபோல ஜோதியம்மாளும் வந்தார். "ஏன் அழுவுற? அம்மாவே வந்து எடுத்துக்கினு போயிருக்கா. கொடுத்து வெச்ச மனுசன்."

அழுகை சட்டென்று நின்றது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாளே காசியம்மாள் உளி எடுத்தார். வெடிப்பைக் கொத்தி அகலமாக்கி, உள்ளே இருந்த மண்ணைச் சுரண்டி, கறையான் மருந்தை ஊற்றினார். அது ஊறியதும் சிமெண்ட் கலவையைக் கரண்டியால் குத்திக் குத்தி அடைத்தார். ஒவ்வொரு குத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார். சட்டியில் கலவை மிச்சமிருந்தது.

"அக்கா, ஜோதியம்மா பேஸ்மட்டத்துலயும் வெடிப்பு கீதே. அதையும் பூசிடலாமே?" என்றேன்.

"அது அம்மா வர்ற வழி. அடைக்கறதுக்கு நான் யாரு?"

மிச்சக் கலவை சட்டியிலேயே இறுகிப்போனது.

ஆடி மாதம் ஜோதியம்மாள் வாசற்காலில் சாய்ந்தார். தோள் உள்ளே போயிற்று. அசல் தேக்கு என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்ட மரம். தேக்கு இல்லை என்பதைக் கறையான்தான் கண்டுபிடித்துச் சொன்னது. அழுதுகொண்டே கடப்பாரையோடு புற்றுக்கு வந்தார். அங்கே காசியம்மாள் பால் சொம்போடு நின்றிருந்தார்.

"அம்மா மேலயா கடப்பாரை?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

கூடிய பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மனாக்கியவரே எப்படி இடிப்பது? ஜோதியம்மாளின் கை இறங்கியது. காசியம்மாள் அவர் அருகில் போய் மெதுவாகச் சொன்னார்: "ஏன்க்கா அழுவுறீங்க? அம்மாவே வந்து எடுத்துக்கினு போயிருக்கா. கொடுத்து வெச்சவங்க நீங்க."

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பால் ஊற்றுவது காசியம்மாள்தான், ஈரம் ஜோதியம்மாள் வீட்டுப் பக்கமாக இறங்கும்படி பார்த்து. பிறகு கூடத்துக்கு வந்து, காலர் மட்டும் மிஞ்சிய படத்திடம், "இன்னிக்கும் ஊத்திட்டேன்யா" என்று சொல்லிவிட்டு மல்லாட்டைக் கூடையைத் தூக்குகிறார்.