இரண்டாவது பிரேக்

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினாறு வருடமாக அதே டிரைவிங் ஸ்கூல், அதே வெள்ளைக் கார். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவரின் காலடியில் ஒரு பிரேக் இருப்பதுபோல், பக்கத்தில் உட்காரும் அக்காவின் காலடியிலும் ஒன்று இருக்கும். பழக வருகிறவர் பயந்து உறைந்துபோனால் அவள் மிதித்து நிறுத்துவாள். அவசரத்துக்கு மட்டும்தான் அது என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிற ஓய்வுபெற்ற ஆசாமிகளைக்கூட நடுரோட்டில் ஓட்ட வைத்தவள். குரலை உயர்த்தவே மாட்டாள். "பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும், அவனுக்கு வேற வேலை இல்ல" என்பாள். அந்தப் பொறுமையில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் இதைக் கோபப்படாமல் சொல்லியிருப்பேன்.

போன வருடம் ஒரு நாற்சந்தியில், பழகிக்கொண்டிருந்த பேங்க் ஊழியர் பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். அக்கா தன் பிரேக்கை மிதித்தாள். ஆனால் ஒரு கணம் தாமதம். குறுக்கே வந்த பைக்காரர் கீழே விழுந்து, அவருக்குத் தோள்பட்டையில் எலும்பு விரிசல் விட்டது. ஆறு வாரத்தில் குணமாகி, அவரே ஸ்கூலுக்கு வந்து, சிக்னலைப் பார்க்காமல் வந்தது தன் தப்புதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

முடிந்தது எங்களுக்குத்தான். பஸ்ஸில் உட்கார்ந்தால் அக்காவின் வலது கால் தரையை அழுத்தும். டிவி பார்க்கும்போதும் அழுத்தும். தூக்கத்தில் உதைக்கிறாள் என்று அத்தான் கன்றிப்போன தன் முழங்காலைக் காட்டினார். பிறகு உதையும் நின்றது, ஏனென்றால் தூக்கமே நின்றுவிட்டது. பாதம் வீங்கியதும் எலும்பு டாக்டரிடம் போனோம். படம் எடுத்துப் பார்த்து, எலும்பு அருமையாக இருக்கிறது என்றார். நரம்பு டாக்டர் நரம்பும் அருமை என்றார். செருப்பை மாற்றினோம். நான் வேலை பார்ப்பது மருந்துக் கடையில். மூன்று நாளில் காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடம் போங்கள் என்று தினமும் பத்துப் பேருக்குப் புத்தி சொல்கிறேன். சொந்த அக்காவுக்கு ஐந்து மாதம் வலித் தைலம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதை நினைக்கும்போது முதலில் என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்று நான் சொன்ன அன்று வீடே ரெண்டுபட்டது. யாரும் சாகவில்லை, கேஸும் இல்லை, இதற்குப் போய் அந்த டாக்டரா என்று அத்தான் குதித்தார். வேண்டுமானால் உன் கடையிலிருந்து தூக்க மாத்திரை நாலு கொண்டுவா என்றார். டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றதும் என்னோடு பேச்சை நிறுத்தினார். அக்கா அவருக்கும் ஒரு படி மேலே போனாள். சமைக்கிறேன், துவைக்கிறேன், ஒரு நாள் தவறாமல் வேலைக்குப் போகிறேன், எனக்கென்ன பைத்தியமா என்றாள். எந்த அளவுக்கு மோசமானால் போகலாம், ஒரு கோடு கிழித்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அரைத்த மாவையே மூன்று மாதம் அரைத்தோம்.

கடைசியில் கோடு கிழித்தவர் ஸ்கூல் முதலாளி. அக்காவிடம் பழகிய ஏழு பேர் வரிசையாக டெஸ்ட்டில் தோற்றார்கள். ஏழு பேரும் பிரேக் போட வேண்டிய இடத்தில்தான் கோட்டைவிட்டார்கள். ஏழாவது ஆள் நான். அக்காவோடு ஓட்டும்போது கார் நிற்க வேண்டிய இடத்தில் வெண்ணெய் மாதிரி நிற்கும். "நல்லா போட்டே பிரேக்கு" என்று ஒவ்வொரு தடவையும் பாராட்டுவாள். எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது. டெஸ்ட்டில் பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி எதையும் மிதிக்கவில்லை. நான் மூன்று கூம்புகளை வரிசையாகச் சாய்த்தேன்.

நாலு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் யாருக்கும் பிரேக் போடத் தெரியாது. இத்தனை நாளும் நிறுத்தியதெல்லாம் அவள் கால்தான். நேராகப் போய்க் கேட்டேன். ஒரு தடவைகூடத் தொடவில்லை என்று பிள்ளைமேல் சத்தியம் செய்தாள். அவள் பொய் சொல்கிற ஆளில்லை. தன் கால் செய்வது அவளுக்கே தெரியவில்லை என்று புரிந்தபோது எனக்குப் பயம் வந்தது. முதலாளிக்குப் பயமெல்லாம் இல்லை. அடுத்த இரண்டு மாதத்தில் பழகுகிறவர்களும் தோற்றால் காரிலிருந்து இறக்கி, ஆபீசில் விண்ணப்பம் நிரப்பும் மேஜையில் உட்கார வைத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் கார் இருக்கைதான் அக்காவின் வாழ்க்கை. அது போய்விடும் என்றதும்தான் யாரையாவது பார்க்கலாம் என்று முனகினாள்.

யாரைப் பார்ப்பது என்பதில் அடுத்த தலைவலி தொடங்கியது. அத்தானின் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒரு ஆலோசகரைச் சிபாரிசு செய்தார். அறைச் சுவரில் வெள்ளை தெரியாத அளவுக்குச் சான்றிதழ்கள் தொங்கின. நான் பக்கத்தில் போய் வாசித்தேன். எல்லாம் மூன்று நாள், ஐந்து நாள் வகுப்புகள். அவர் நாற்பது நிமிடம் பேசினார், அதில் முப்பது நிமிடம் தன்னைப் பற்றி. நல்லதையே நினையுங்கள் என்றார். பன்னிரண்டு வாரத்தில் முழுசாகக் குணமாக்கித் தருவேன், ஆனால் இன்றைக்கே சேர வேண்டும் என்றார். மனநலத்தில் என்ன படித்தீர்கள் என்று கேட்டேன். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு எதுவும் பலிக்காது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சிரித்துப் பேசினாரே, நல்ல மனுஷன்தானே என்று அத்தான் வழியெல்லாம் அவருக்கு வக்காலத்து வாங்கினார்.

அடுத்து பெரிய ஆஸ்பத்திரியின் மனநல டாக்டர். படிப்பில் குறை சொல்ல முடியாது. மூன்று மணி நேரம் காத்திருந்தோம், உள்ளே ஏழு நிமிடம். தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். அதைப் போட்டுக்கொண்டு அக்கா காலை வகுப்பில் கண்ணைத் திறக்க முடியாமல் தவித்தாள். என்ன வேலை என்று டாக்டர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. எட்டாம் நாள் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் திட்டினேன். பிறகு அவளை இழுத்துக்கொண்டு மறுபடியும் அதே வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். வேலையைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இதை முதலில் நான் கேட்டிருக்க வேண்டும் என்றார். மாத்திரையை மாற்றினார். இது மாத்திரையோடு மட்டும் போகாது, அந்த நாளைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஒரு உளவியலாளரிடம் அனுப்பினார். தவறை ஒத்துக்கொள்கிற டாக்டரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்த உளவியலாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நம் பிள்ளை வயசு என்று அக்கா என் காதைக் கடித்தாள். பழக வருகிறவர்களை எடைபோடுவதுபோல் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்து, கார் ஓட்டுவீர்களா என்று கேட்டாள். ஓட்டத் தெரியாது என்று பதில் வந்தது.

"அப்போ என் கஷ்டம் உங்களுக்கு எப்படிப் புரியும்?"

"புரியாத இடத்துல கேக்குறேன், நீங்க சொல்லுங்க. நாலு தடவை வந்து பாருங்க. ஒத்துவரலைன்னா வெளிப்படையா சொல்லிடுங்க, வேற நல்ல ஆள் பேரை நானே தர்றேன்."

நான் வெளியே உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அக்கா கடுகடுவென்று வந்தாள். அந்தப் பெண் ஒன்றுமே சொல்லவில்லை, நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன், இதற்கு நம் வீட்டுச் சுவரே போதும் என்றாள். வேறு ஆள் பார்க்கலாமா என்று கேட்டேன். அடுத்த வியாழன் நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனாலும் அடித்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வியாழன் முடிந்து திரும்பும்போது ஸ்கூல் கார்தான் இருந்தது. அடுத்த வாரம் எனக்கு மறு டெஸ்ட். அதனால் நான் ஓட்டினேன். அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. அந்த ஒரு கணத்தை இன்று அந்தப் பெண் மூன்று தடவை முதலிலிருந்து சொல்ல வைத்தாள் என்று மட்டும் சொன்னாள். முதலாளி கொடுத்த கெடுவில் இன்னும் இருபது நாள்தான் பாக்கி. மூன்று வாரத்தில் என்ன மாறிவிட்டது என்று எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. கால் அப்படியேதான் இருந்தது. முந்தாநாள் பஸ்ஸில் போகும்போதுகூட அழுத்தியதைப் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு அம்மா குழந்தையோடு ரோட்டில் இறங்கினார். கார் அழகாக நின்றது. அவர்கள் தாண்டிப் போனார்கள். வழக்கமான பாராட்டுக்காக நான் காத்திருந்தேன்.

அக்கா கீழே தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நீ போட்டது இல்லடி. நான் போட்டது. உன் காலு அந்தப் பக்கம் போகவே இல்ல."

"இத்தனை மாசமாவா?" என்றேன்.

"இத்தனை மாசமா."

வலது கையால் தொடையைப் பிடித்துத் தூக்கி, அந்தக் காலை இருக்கைமேல் மடித்து வைத்துக்கொண்டாள். பாதம் அங்கேயும் துடித்தது. இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தாள்.

"போ. அடுத்த சிக்னல்ல நீதான் நிறுத்தணும்" என்றாள்.

சிவப்பு விளக்குக்கு நான்தான் நிறுத்தினேன். இருவரும் முன்னால் குலுங்கும்படி முரட்டுத்தனமாக, கோட்டைத் தாண்டிப்போய். பதினாறு வருடத்தில் அதைவிட மோசமான பிரேக்கை அவள் பார்த்திருக்க மாட்டாள். இந்தத் தடவை அவள் பாராட்டவில்லை.