கன்று குடித்து முடியும்வரை

பெற்றீசியாவை வெறும் மாட்டுக்காரி என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். எண்பத்துமூன்றில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில், அம்பிட்டியவில் எங்கள் முதலாளி மகேந்திரராசா ஐயாவின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். சமையல்காரி நான் தலைதெறிக்க ஓடினேன். அவளோ கொட்டிலுக்குள் புகுந்து, கட்டிக்கிடந்த றோசிப் பசுவை அவிழ்த்துத் துரத்திவிட்டுத்தான் ஓடிவந்தாள். அவளுடைய துணிப்பெட்டி எரிந்துபோனது. றோசி மறுநாள் மேட்டில் மேய்ந்துகொண்டு நின்றது.

ஐயா வீட்டைத் திரும்பக் கட்டி, வெளிநாட்டுக்காரர் தங்கும் விடுதியாக்கினார். வடக்கில் சண்டை நடக்கும்போது யார் வருவார்கள்? தப்பித்தவறி வருகிறவர்கள் தாங்களே பால் கறந்து பார்க்கலாம் என்று ஓர் ஏற்பாடு செய்தார். வெள்ளைக்காரரைக் கண்டால் அவருக்குத் தலைகால் புரியாது. கன்று முதலில் குடித்து மடி சுரந்த பிறகுதான் பெற்றீசியா கறப்பாள். ஐயாவோ, விருந்தாளிகளுக்குப் பால் குறையக் கூடாதென்று கன்றைத் தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு வந்த கூட்டம். ஆளாளுக்கு இழுத்ததில் காம்பு சிவந்து, றோசி உதைத்தது.

“காலைக் கட்டு, பெற்றீசியா!” என்றார் ஐயா.

அவள் போய்க் கன்றை அவிழ்த்துவிட்டாள்.

“என்ன செய்யிறாய்? இந்த ஆக்களும் இனி வராட்டில் விடுதியைப் பூட்டவேண்டியதுதான். நாளைக்கு வேலைக்கு வராதை!”

ஒரு தமிழ்ப்பெண் தனியாகப் புது இடம் தேடிப் போகமுடியாத காலம் அது.

“வரலைங்க ஐயா. ஆனா கன்னு குடிச்சு முடிக்கிற வரைக்கும் இங்கேருந்து போகவும் மாட்டேன்” என்றாள்.

கன்று முட்டி முட்டிக் குடித்தது. வந்தவர்கள் விலகி நின்று பார்த்தார்கள். வாயில் நுரையோடு அது நிமிர்ந்தபோது ஒருத்தி சிரித்தேவிட்டாள். ஐயா உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை அவள் பெட்டியோடு படியிறங்கினாள். ஐயா கொட்டில் வாசலில் குறுக்கே ஒரு கம்பு கட்டிக்கொண்டு நின்றார்.

“எங்கை போறாய்?”

“நீங்கதானே வராதேன்னீங்க.”

“அண்டைக்குப் பெட்டியை விட்டிட்டு மாட்டை அவிட்டனீ. இண்டைக்கு மாட்டை விட்டிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போறியோ? இனி வாறவை இந்தக் கம்புக்கு வெளியில நிண்டு பாக்கட்டும்.”

அவள் பெட்டியை என் கையில் திணித்துவிட்டுக் கன்றை அவிழ்க்கப் போனாள். தலைநிமிர்ந்துதான் நான் அதைச் சுமந்துவந்தேன்.