ஆடியில் கிடைத்த தேதி

அவர் பத்து மாதம் முன்பே சொன்னார். கடைசி நேரத்தில்தான் சொன்னார் என்று முதலாளியிடம் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யில் அந்த நல்ல இன்ஜினியரின் வேலை போனது.

மணலியில் ஒரு ரசாயன நிறுவனம். முதலாளியின் சிறிய ஜெட் விமானத்துக்கு நான் மேலாளர். விமானம் மீனம்பாக்கத்தில் நிற்கும். அதன் கோப்புகள் மணலியில் என் மேசையில் இருக்கும். பராமரிப்பைப் பார்த்தவர் ராயபுரத்துக்காரரான எங்கள் இன்ஜினியர். விமானத்தின் சக்கரக் கால்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றி, முழுக்கப் பிரித்துப் புதுப்பித்தாக வேண்டும். கெடு தாண்டினால் பறக்க முடியாது. அதைச் செய்யும் பணிமனைகள் மிகக் குறைவு என்பதால் பல மாதம் முன்னதாகவே இடம் பிடிக்க வேண்டும்.

சித்திரையில் என் எதிரே வந்து நின்றார். "சார், பத்து மாசம் கீதுன்னு குந்திகினு இருக்காதீங்க. ஆடியில ஒரு தேதி தராங்க. அத வுட்டா பங்குனி கடைசிதான். நமக்குக் கெடு மாசியிலயே முடியுது." வேண்டிய உதிரிபாகங்களின் பட்டியலோடு தன் கையாலேயே ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

முதலாளி ஆடியில் எதையும் தொடங்க மாட்டார். ஒரு புது பம்பு வாங்கக்கூட ஆவணி வரை காத்திருப்பார். கேட்டால் எரிந்து விழுவார் என்று நானே முடிவு செய்துகொண்டு, கேட்காமலே விட்டேன். இன்ஜினியர் வாரந்தோறும் "கேட்டீங்களா சார்?" என்பார். "பார்க்கலாம்" என்பேன். ஆவணியில் விசாரித்தபோது அவர் சொன்னதே பதிலாக வந்தது: பங்குனிதான்.

மாசியில் கெடு முடிந்தது. மறுநாள் முதலாளி முக்கியமான பயணம் போக வேண்டியிருந்தது. ஒரே ஒரு நாள்தானே, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுங்கள் என்று இன்ஜினியரிடம் கெஞ்சினேன். "கால் மடங்கிச்சின்னா உள்ள கீறது மனுசன் சார்" என்று மறுத்துவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு யார் தப்பு என்று கேட்டபோது இன்ஜினியர் அங்கே இல்லை. அந்தத் தாள் என் பையில் இருந்தது.

கெடுவைக் கோட்டைவிட்டவர் என்ற பெயரை விமானத் தொழிலில் யாரும் மறப்பதில்லை. எவரும் அவருக்கு வேலை தரவில்லை. எண்ணூர் சாலையில் டிரெய்லர் லாரிகளைப் பழுதுபார்க்கப் போனார். ஓய்வுபெற்றுத் திருவொற்றியூரில் இருந்த நான் அந்தச் சாலை வழியே போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்று ஆண்டு தாங்கினேன். பிறகு தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்த அவர் மனைவி, "வாங்க சார். மூணு வருசம் கயிச்சிதான் வூடு தெரிஞ்சிதா?" என்றார். நான் நீட்டிய தாளை வாங்கி இன்ஜினியர் தன் கையெழுத்தைப் பார்த்தார். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் அப்பால பாத்துக்கலாம். இத எடுத்துகினு போய் மொதலாளி கையில குடு. நீ சொன்னது பொய்யின்னு உன் வாயாலயே சொல்லு."

எப்போதும் 'நீங்க' என்பவர், அன்று 'நீ' என்றார். அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். தாளைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆடியில வேணாம்னு நான் எப்பய்யா சொன்னேன்? புதுசா ஒண்ணு ஆரம்பிக்கத்தான் ஆடி பார்ப்பேன். இருக்கறத ரிப்பேர் பண்ணவுமா பார்ப்பேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

முதலாளி விமானத்தை அதற்குள் விற்றுவிட்டிருந்தார். அதனால் பழைய வேலையைத் திருப்பித் தர வழியில்லை. ஆனால், தவறு இன்ஜினியருடையது அல்ல, மேலாளரான என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை ராயபுரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்ஜினியர் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, மனம் கேட்காமல் போன் செய்தேன். மனைவிதான் எடுத்தார்.

"அவரு இல்ல சார், ஏர்போர்ட்டுக்குப் பூட்டாரு. வேற கம்பெனி பிளேனு. சேந்து பத்து நாளாவுது. உங்களாண்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. போனை வைத்துவிட்டு, வீட்டில் யாரும் இல்லாத தைரியத்தில், வாய்விட்டுச் சிரித்தேன்.